பாடியா, லென்ஸா

ஜனவரி 6
புது கேமரா பாடி வாங்குவதா, புது லென்ஸ் வாங்குவதா? மேடை நடனப் படங்களை 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தேன். முகமெல்லாம் மணல் தூவியதுபோல் நாய்ஸ். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கை விரல்கள் இழுபட்டுக் கிடப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400, ஷட்டர் 1/60 விநாடி, திறப்பு எஃப்/5.6 (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் 55-இல் அதற்கு மேல் திறக்காது.

ஜனவரி 7
எஃப்/5.6-இலிருந்து 2.8-க்கு வந்தால் இரண்டு ஸ்டாப், ஒவ்வொன்றும் இரு மடங்கு, ஆக நாலு மடங்கு வெளிச்சம். அதே ஐஎஸ்ஓவில் 1/60 போய் 1/250 கிடைக்கும். 1.8 என்றால் பத்து மடங்கை நெருங்கும். இப்போதுள்ள ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) பாடியை விட்டு ஃபுல் ஃப்ரேமுக்கு (பெரிய சென்சார்) போய், அங்கேயும் எஃப்/5.6 லென்ஸையே மாட்டினால் நாய்ஸில் மிச்சமாவது ஒரு ஸ்டாப், கொஞ்சம் கூட. ஐஎஸ்ஓவை 12800 ஆக்கி அதைச் செலவழித்தாலும் ஷட்டர் 1/125-தான். ஆடுகிற கைக்கு அது போதாது.

ஜனவரி 8
1/250 வேண்டும்.

ஜனவரி 10
புது பாடிகளில் சென்சார் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று மனசு மறுபடி அங்கேயே போகிறது. அது அடக்குவது கேமரா பிடித்த கையின் நடுக்கத்தை. மேடையில் ஆடுபவரின் கையை அது நிறுத்தாது.

ஜனவரி 13
85 மி.மீ. எஃப்/1.8 என்றே வைத்துக்கொள்வோம். ஏபிஎஸ்-சியில் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், ஃபோகஸில் நிற்கும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 9 செ.மீ. அளவுதான். நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, ஃப்ரேமைச் சரிசெய்ய கேமராவை 7 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் 2.2 செ.மீ. பின்னால் போய்விடும். அந்த 9 செ.மீ.யில் கால் பங்கு அதிலேயே போய்விடும். ஆடுபவர் கொஞ்சம் முன்னால் அசைந்தாலும் கண் மங்கிவிடும். இதற்கு லென்ஸ் மருந்தல்ல. ஃப்ரேமின் ஓரத்திலும் நம்பகமான ஃபோகஸ் புள்ளி வேண்டும், அல்லது கண்ணைத் தேடிப் பிடிக்கும் பாடி வேண்டும். ஆக, பாடிதானா? 2.8-க்கு மூடினால் ஆழம் 14 செ.மீ. ஆகும், 1/250-ம் கையில் இருக்கும். அப்போது பழைய பாடியே சமாளிக்கும்.

ஜனவரி 15
பழைய பாடிக்கும் லென்ஸுக்கும் சோதனை. சுவரில் செய்தித்தாள், அதற்கு நேர் இணையாக முக்காலி, 2 விநாடி டைமர், லென்ஸ் முழுத் திறப்பு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஃபோகஸை முடிவிலிக்குத் தள்ளிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். வ்யூஃபைண்டர் வழியாகச் சில, லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து) சில. லைவ் வ்யூவில் எழுத்து தெளிவாகவும் வ்யூஃபைண்டரில் மங்கலாகவும் வந்தால் ஃபோகஸ் அளவீடு விலகியிருக்கிறது, பாடியில் ஃபைன் ட்யூன் வசதி இருந்தால் அதில் திருத்தலாம். இரண்டுமே மங்கல் என்றால் லென்ஸின் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு மூலை மட்டும் குழைந்து, எஃப்/8-இலும் தேறவில்லையென்றால் லென்ஸின் மையம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டிலும் எழுத்து ஒரே மாதிரி தெளிவு. பாடியின் ஃபோகஸில் குறையில்லை.

ஜனவரி 16
24 மெகாபிக்சலில் அகலம் 6000 பிக்சல். 45 மெகாபிக்சல் பாடிக்குப் போனாலும் 8256-தான். இரட்டிப்பு என்று காதில் விழுவது, படத்தின் அகலத்தில் வெறும் 38 சதவீதம் கூடுதல்.

ஜனவரி 19
நிக்கானில் பழைய ஏஎஃப்-டி 85 வேண்டாம். அதை ஓட்டும் மோட்டார் பாடியில் இருக்க வேண்டும், பழைய லென்ஸை நிக்கான் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கேமராவில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் அது கிடையாது. பிறகு அந்த அடாப்டரோடு மிரர்லெஸ்ஸுக்குப் போனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் என்றால் அங்கேயும் ஆட்டோஃபோகஸ் ஓடும்.

ஜனவரி 21
செகண்ட் ஹேண்ட் 85, 1.8, ஏஎஃப்-எஸ். திறப்பை அகலமாக்கி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. நூல் நூலாகப் பூஞ்சை இல்லை, திறப்பை மூடித் திறக்கும் இதழ்களில் எண்ணெய்ப் பசை இல்லை. இனி செய்தித்தாள், நான்கு மூலைகள்.