பார்ட் லோடில் மேசை நாற்காலி அனுப்பிய அனுபவம்

நான் சின்ன அளவில் மரச்சாமான் செய்கிறவன். ஒரு நூலகத்தின் வாசிப்பு அறைக்காக 6 மேசையும் 24 நாற்காலியும் செய்து முடித்து, தொலைவில் இருக்கும் வேறொரு ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கூரியரில் இவ்வளவு பெரிய சரக்கை எடுக்கவே மாட்டார்கள். தனி லாரி பிடித்தால் பாதிக்கு மேல் காலியாகப் போகும், அந்தக் காலிக்கும் வாடகை நம் கணக்கில்தான் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பார்ட் லோடு. ஒரே லாரியில் பலருடைய சரக்கு, அவரவர் அடைத்த இடத்துக்கு அவரவர் பணம். முதல்முறை இப்படி அனுப்பப் போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கொட்டேஷன் கேட்டுப் பேசியபோது முதல் கேள்வியே எடை பற்றி இல்லை. "நீளம், அகலம், உயரம் சொல்லுங்க சார், அப்புறம் எடை." பேலட்டில் (ஃபோர்க்லிஃப்ட் அடியில் நுழைத்துத் தூக்குகிற கட்டைத் தட்டு) வருமா, தனித்தனிப் பெட்டியா, மேலே வேறு சரக்கு வைக்கலாமா, ஏற்றுகிற இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் உண்டா, இறக்குகிற இடத்தில் லாரித் தளத்தின் உயரத்துக்கு மேடை உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். இதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் இருக்கிறது. மேடை இல்லாத இடம் என்றால் டெயில் லிஃப்ட், அதாவது சரக்கைத் தரைக்கு இறக்குகிற தூக்கி, பின்பக்கம் உள்ள வண்டி வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். முன்கூட்டியே போன் செய்து நேரம் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்றால் அதற்கும் சில நிறுவனங்கள் வாங்குகின்றன. முதலில் வந்த மலிவான கொட்டேஷனில் இவை எதுவுமே சேர்ந்திருக்கவில்லை. நூலகத்துக்குப் போன் செய்து வாசல் எப்படி, தெருவில் பெரிய வண்டி திரும்புமா, படி எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே விவரத்தை அனுப்பி மறுபடி விலை கேட்டேன். அதற்குப் பிறகு வந்த விலைகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது.

சரி, இப்போது அளவு விஷயம். இங்கேதான் பணம் மிச்சமாகிறது, இங்கேதான் போகவும் செய்கிறது. லாரிக்காரர் இரண்டு எடை பார்ப்பார்: தராசு காட்டுகிற எடை ஒன்று, சரக்கு அடைக்கிற இடத்தை எடையாக மாற்றிய கணக்கு இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஐரோப்பாவில் சாலைச் சரக்குக்கு ஒரு கன மீட்டர் என்றால் 333 கிலோ என்று வைத்துக்கொள்வது வழக்கம், ஆஸ்திரேலியாவில் பரவலாக 250 கிலோ. அமெரிக்காவில் சரக்கை 50 முதல் 500 வரை 18 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அடர்த்தி குறையக் குறைய வகுப்பு எண்ணும் கட்டணமும் ஏறும். பெயரும் எண்ணும் இடத்துக்கு இடம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான், லாரியில் விலை போவது தரைப்பரப்பும் அதற்கு மேலே உள்ள உயரமும். ஐரோப்பாவில் ஓடுகிற வழக்கமான 13.6 மீட்டர் டிரெய்லரில் 120 x 80 சென்டிமீட்டர் பேலட் 33 தான் தரையில் நிற்கும். அந்த 33இல் நாம் எத்தனையை எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் போடுகிற கணக்கு.

இதை என் நாற்காலிக்குப் போட்டுப் பார்த்தேன். பூட்டி நிற்கிற ஒரு நாற்காலி 50 x 50 x 85 சென்டிமீட்டர், எடை 6 கிலோ. அதன் கன மீட்டரை ஐரோப்பியக் கணக்கான 333ஆல் பெருக்கினால் அது ஏறக்குறைய 71 கிலோ சரக்கு. இருபத்துநான்குக்கும் சேர்த்துத் தராசில் 144 கிலோ, பில்லில் 1,700 கிலோ! நல்லவேளையாக இந்த நாற்காலி போல்ட் போட்டுப் பூட்டுகிற வகை. காலையும் முதுகுச் சட்டத்தையும் கழற்றித் தட்டையாக அடுக்கினால் 12 சென்டிமீட்டர் உயரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பெட்டியின் அளவை நாற்காலிக்காக மட்டும் முடிவு செய்யாமல் பேலட்டையும் பார்த்து முடிவு செய்தேன். 120 x 100 பேலட்டில் ஒரு அடுக்குக்கு இரண்டு பெட்டி சரியாக உட்கார வேண்டும், விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது, உள்ளே பெரிய இடைவெளியும் விழக்கூடாது. அதனால் 98 x 58 என்று பெட்டி செய்யச் சொன்னேன். பன்னிரண்டு அடுக்கில் 24 பெட்டியும் முடிந்து, பேலட் கட்டையோடு சேர்த்து 160 சென்டிமீட்டர் உயரம் வந்தது. மொத்தக் கணக்கு எடை 640 கிலோ. 1,700 எங்கே, 640 எங்கே! மரவேலை செய்கிற நண்பர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சாமானை வடிவமைக்கும்போதே எப்படிக் கழற்றுவது, எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசியுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் போல்ட் முடுக்குகிற சிரமம் பெரிதல்ல, ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தால் போதும்.

மேசைப் பலகை கதை வேறு. 150 x 75 அளவுப் பலகை வழக்கமான பேலட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டிக்கொண்டு நிற்கிற எதுவும் லாரிக்குள் முதலில் அடிபடும், பக்கத்துப் பேலட்டைத் தள்ளி வைக்கும்போது இடி வாங்குவது அந்த விளிம்புதான். எனவே 160 x 80இல் நானே ஒரு பேலட் அடித்தேன். எல்லை தாண்டி வேறு நாட்டுக்குப் போகிற சரக்காக இருந்தால் இப்படி இஷ்டத்துக்குக் கட்டை எடுத்து அடிக்க முடியாது, ஐ.எஸ்.பி.எம் 15 என்ற விதிப்படி மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவது போன்ற பூச்சி ஒழிப்பு முறை ஒன்றைச் செய்து முத்திரை குத்திய மரம் வேண்டும். என்னுடையது உள்நாட்டுக்குள்ளேயே போனதால் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆறு பலகையையும் நடுவில் ஃபோம் வைத்துப் படுக்கையாக அடுக்கி, மேலே மேசைக் கால்கள் உள்ள பெட்டியை வைத்தால் மொத்த உயரம் 60 சென்டிமீட்டர்தான் வருகிறது. உயரம் குறைவு என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும், லாரிக்குள் 60 சென்டிமீட்டருக்கு மேலே இருக்கிற அவ்வளவு இடத்தையும் யாரும் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள். மேலே வேறொருவருடைய சரக்கு வந்து உட்காரும், அது என்ன சரக்கு, எவ்வளவு எடை என்று நமக்குத் தெரியாது. மேலே எதுவும் வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அப்படிச் சொன்னால் கூரை வரை உள்ள இடத்துக்குச் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நான் கேட்ட இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் நான்கு மூலையிலும் நீளப் பக்கங்களின் நடுவிலும் கட்டைக்கால் நிறுத்தி, மேலே கனமான பிளைவுட் அடித்து, பக்கங்களுக்குப் பட்டிப்பலகை கொடுத்து ஒரு கூடாகவே செய்துவிட்டேன். மேலே வைக்கிற பாரம் கட்டைக்கால் வழியாக நேரே பேலட்டுக்கு இறங்கும், பலகையைத் தொடாது. ஒரு நாள் வேலை கூடுதல்தான், ஆனால் இதை விட்டுவிட்டு அனுப்ப எனக்கு மனம் வந்திருக்காது.

நாற்காலிப் பேலட்டில் பெட்டிகளைச் செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி வைக்காமல் மூலைக்கு மேல் மூலையாக நேரே அடுக்கினேன். அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் மூலைகளில்தான் இருக்கிறது, மாற்றி வைத்தால் அது போய்விடும். நேராக அடுக்கினால் சாயுமே என்பவர்களுக்குப் பதில் கார்னர் போர்டும் (மூலையில் வைக்கிற மடிப்பு அட்டை) பட்டையும்தான். நான்கு மூலைக்கும் கார்னர் போர்டு வைத்துப் பட்டை இழுத்து, அதன் மேல் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றினேன். ஃபிலிம் பெட்டிகளை மட்டும் சுற்றினால் பயனில்லை, கீழே பேலட் கட்டையையும் சேர்த்துப் பல சுற்று சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வளைவில் திரும்பும்போது பேலட் ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம். பேலட்டின் நான்கு பக்கமும் முகவரி ஒட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் 1/24, 2/24 என்று எண் போட்டேன். முடிந்ததும் டேப்பை வைத்து மூன்று பக்கமும் அளந்து, எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டேன். தராசில் நிறுத்தியதையும் எடுத்தேன்.

வண்டி சாயங்காலம் வந்தது. டிரைவர் கொடுத்த ரசீதில் "2 பேலட்" என்று மட்டும் இருந்தது. "அண்ணே, ஒன்றில் 24 பெட்டி, இன்னொன்று மரக்கூடு, அதையும் எழுதிக்கலாமா?" என்றேன், தாராளமாக எழுதச் சொன்னார். இது முக்கியம். பேலட் கணக்கு மட்டும் இருந்தால், நடுவழியில் ஃபிலிம் கிழிந்து நான்கு பெட்டி காணாமல் போனாலும் அங்கே சேர்ந்தது 2 பேலட்தான் என்று முடித்துவிடலாம்.

அதற்கப்புறம் காத்திருப்பு. டிராக்கிங்கில் பார்த்தால் என் சரக்கு போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே போய் ஒரு குடோனில் நிற்கிறது! பார்ட் லோடில் இது சாதாரணம். பகலில் ஊருக்குள் சுற்றி எடுத்த சரக்கையெல்லாம் உள்ளூர்க் குடோனில் இறக்கி, திசை பிரித்து, இரவு நெடுந்தூர வண்டியில் ஏற்றி ஒரு பெரிய மையக் குடோனுக்கு அனுப்புவார்கள். அங்கே மறுபடி இறக்கி, பிரித்து, ஏற்றுவார்கள். போய்ச் சேர வேண்டிய ஊரின் குடோனிலும் இதே வேலை. ஒவ்வொரு இடத்திலும் ஃபோர்க்லிஃப்ட் தொடுகிறது. சரக்கு அடிபடுவது ஓடுகிற வண்டியில் மட்டும் இல்லை, இந்தக் கைமாற்றத்தில் நிறையவே நடக்கிறது. பேக்கிங்கைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இதுதான். தேதியும் அப்படித்தான், அவர்கள் சொல்வது மதிப்பீடு, உறுதி இல்லை. நூலகத் திறப்புக்கு இரண்டு வாரம் முன்பே போய்ச் சேரும்படி தேதி வைத்திருந்ததால் எனக்குப் பதற்றம் இல்லை.

சரக்கு வழியில் இருக்கும்போதே ஒரு திருத்திய பில் வந்தது. மரக்கூட்டின் நீளம் 160 இல்லை, 175 என்று குடோனில் உள்ள அளவு இயந்திரம் காட்டியதாம். பட்டை நுனியோ ஃபிலிமோ நீட்டிக்கொண்டு இருந்தாலும் இயந்திரம் அதையும் சேர்த்து அளந்துவிடும். டேப் வைத்த போட்டோவை அனுப்பி, மறுபடி கையால் அளக்கச் சொல்லி எழுதினேன். பதில் வர நேரம் எடுத்தது, ஆனால் பழைய தொகைக்கே மாற்றிக் கொடுத்தார்கள். போட்டோ இல்லாமல் இந்த வாதத்தைச் செய்யவே முடியாது.

இறக்குகிற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நூலகர் மேடத்துக்கு முன்பே போனில் சொல்லியிருந்தேன். டிரைவரின் பொறுப்பு டெயில் லிஃப்டில் தரைக்கு இறக்குவதோடு முடிகிறது, உள்ளே கொண்டுபோக ஆள் நாம்தான் வைக்க வேண்டும். டிரைவர் அவசரப்படுத்தினாலும் நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மேடம் பொறுமையாகப் பார்த்தார். மரக்கூட்டின் ஒரு பக்கத்துப் பட்டிப்பலகை உடைந்து ஓட்டை விழுந்திருந்தது, ஃபோர்க்லிஃப்ட் நுனி குத்தியதுபோல. "பிரித்துப் பார்த்தபின் ஒப்புதல்" என்று பொதுவாக எழுதுவதால் பெரிய பலன் கிடைக்காது, அதனால் "இடப்பக்கப் பலகை உடைந்துள்ளது, உள்ளே மேசைப் பலகையின் விளிம்பு நசுங்கித் தெரிகிறது" என்று டெலிவரி சீட்டிலேயே எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். இவ்வளவு தெளிவாகச் செய்தவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

நஷ்டஈடு கேட்டுக் கிளெய்ம் போடும்போது தெரிந்துகொள்ள வேண்டியது, லாரி நிறுவனத்தின் பொறுப்பு பொருளின் விலைக்கு அல்ல, பெரும்பாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்புக்குள்தான். பன்னாட்டுச் சாலைச் சரக்குக்கான சி.எம்.ஆர் ஒப்பந்தம் 1956இல் ஜெனீவாவில் ஏற்பட்டது, அதில் இன்றைய வரம்பு கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) கணக்கு அலகு. வெளியே தெரியாத சேதம் என்றால் அந்த ஒப்பந்தப்படி ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். என் ஒப்பந்தத்திலும் கிலோ கணக்குதான் இருந்தது. கனமான மேசைப் பலகைக்கு இந்த வரம்பு தாங்கும், எடை குறைந்து விலை கூடிய பொருளுக்குத் தாங்கவே தாங்காது. அப்படிப்பட்ட சரக்குக்கு இன்சூரன்ஸ் தனியாக எடுத்துவிடுங்கள். நசுங்கிய பலகையையும் உடைந்த கூட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லி, சீட்டு, போட்டோ, விலைப்பட்டியல், பழுதுபார்க்கும் செலவு மதிப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். செலவு வரம்புக்குள் இருந்ததால் முழுத்தொகையும் கிடைத்தது. விளிம்பை இழைத்து மறுபடி பாலிஷ் போட ஒருவரை அங்கேயே பிடித்துக் கொடுத்தார் மேடம்.

இப்போது அதே நூலகத்துக்குப் புத்தக அலமாரிகள் செய்துகொண்டிருக்கிறேன். அவை ஏழெட்டு பேலட் வரும். இந்த அளவுக்குப் பார்ட் லோடு விலை மட்டும் கேட்டு நிறுத்தாமல், குடோன்களில் இறக்கி ஏற்றாமல் இரண்டு மூன்று பேர் சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு நேராகப் போகிற வண்டியின் விலையும், தனி லாரி விலையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். நேராகப் போகிற வண்டிக்காரர் அலமாரியைக் கழற்றாமல் நிற்க வைத்தே ஏற்றலாம் என்கிறார், கூடு அடிக்கிற வேலையும் மிச்சம். விலை கொஞ்சம் கூடினாலும் அதற்கே கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.