தரை தட்டாத கயிறு

கடந்த ஏழு மாதங்களாக, அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைத்த இரவு நேரங்களில் நான் உருவாக்கிவந்த சிறிய திகில் சாகச விளையாட்டு இப்போது முழுமையாக ஓடுகிறது. ஆடி முடிக்க இருபது நிமிடம் போதும். மார்கழி மாதத்து நள்ளிரவில், எஞ்சின் நின்றுபோன நாட்டுப்படகு ஒன்றில் ஒரு மீனவர் தனியாக இருக்கிறார். அவரிடம் ஒரு டார்ச் விளக்கும், ஈயக்குண்டு கட்டிய ஒரு கயிறும் இருக்கின்றன. படகு எங்கே இருக்கிறது என்பதை அவற்றைக் கொண்டே அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த எண்ணம் மேரி செலஸ்ட் என்ற கப்பலைப் பற்றிப் படித்தபோது தோன்றியது. 1872 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுக்கலுக்கும் இடையில், பாய்கள் பாதி விரிந்த நிலையில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த கப்பல் அது. 1,701 பீப்பாய் ஆல்கஹாலை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அந்தக் கப்பலில் கேப்டன், அவர் மனைவி, சின்னஞ்சிறு மகள், ஏழு மாலுமிகள் என மொத்தம் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. கப்பலின் அடித்தளத்தில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று அளந்து பார்க்கும் கோல் மேல்தளத்தில் கிடந்தது. நீரிறைக்கும் பம்புகளில் ஒன்று கழற்றப்பட்டிருந்தது. நீரின் அளவைத் தவறாகக் கணித்து, கப்பல் மூழ்கப்போகிறது என்று நம்பி, அவர்கள் சிறு படகில் இறங்கியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. மிதக்கும் கப்பலை விட்டு, ஓர் அளவை நம்பிப் பத்துப் பேர் இறங்கினார்கள் என்ற அந்த எண்ணம் பல நாட்கள் என்னை விட்டு அகலவில்லை. கடலில் கண்ணுக்குப் புலப்படாதவற்றை அளந்துதான் அறிகிறோம்; அந்த அளவே பொய்த்துவிட்டால் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

வடகடல் என்று எங்கள் பக்கம் சொல்லும் பாக் விரிகுடாவைக் களமாக்கியதற்கும் அதுவே காரணம். அந்தக் கடல் ஆழமற்றது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான் இருக்கும். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தை ஒரு பாகம் என்கிறோம், ஏறத்தாழ ஆறடி. எட்டுப் பாகம் கயிறு இறங்குவதற்குள் குண்டு தரையைத் தொட்டுவிடும் என்பது அங்கே தொழில் செய்பவர்களுக்கு மூச்சுவிடுவதைப் போல இயல்பாகத் தெரிந்த செய்தி. விளையாட்டில் ஆடுபவர் திரையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு பாகம் கயிறு இறங்கும். முதல் முறை ஆறாம் பாகத்தில் கயிறு தளர்கிறது. குண்டின் அடிக்குழியில் பூசிய கொழுப்பில் சேறு ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டாம் முறை ஏழு பாகம், சிப்பித் துகள். நங்கூரம் போட்ட படகு நகரவேயில்லை. ஆனாலும் மூன்றாம் முறை எட்டு கடந்து, ஒன்பது கடந்து, பன்னிரண்டு கடந்தும் கயிறு இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே இழுத்துப் பார்த்தால் குண்டில் ஒட்டியிருக்கும் மணல், கையால் தட்டினால் உதிரும் அளவுக்குக் காய்ந்திருக்கிறது.

முதல் வடிவத்தில் அந்த இடத்தில் நீருக்குள்ளிருந்து ஓர் உருவம் எழுந்து வந்தது. அதை வரைவதற்கு மட்டும் ஆறு வாரம் செலவிட்டேன். ஆடிப் பார்த்த நண்பர்கள் உருவம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வந்ததும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நிம்மதியைப் பார்த்த இரவிலேயே உருவத்தை முழுவதுமாக நீக்கிவிட்டேன். அச்சம் கயிற்றை எண்ணும் கையில் இருந்தது. கண்ணுக்கு ஏதோ ஒன்றைக் காட்டியதும் கை எண்ணுவதை நிறுத்திவிட்டது.

ஒலிக்குத்தான் மிகுதியான நேரம் கொடுத்தேன். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவில் செல்கிறது. நீரில் அது ஏறக்குறைய 1,500 மீட்டர். நீருக்குள் இரு காதுகளையும் ஒலி கிட்டத்தட்ட ஒரே கணத்தில் அடைந்துவிடுவதால், எங்கிருந்து வருகிறது என்று மனிதக் காதால் பிரித்தறிய முடிவதில்லை. இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அலை, கயிற்றின் உரசல், தொலைவில் இன்னொரு படகின் எஞ்சின் ஆகியவற்றுக்குத் திசை உண்டு. படகின் அடியிலிருந்து வருவனவற்றுக்கு மட்டும் திசை கிடையாது. விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ (Godot) மென்பொருளில் இதற்கு இடம் சார்ந்த ஒலியை விடுத்துச் சாதாரண ஒலியைப் பயன்படுத்தினால் போதும்; அந்தச் சிறு மாற்றத்திற்குப் பிறகு, ஹெட்ஃபோன் அணிந்து ஆடியவர்கள் தலையைத் திருப்பித் திருப்பித் தேடத் தொடங்கினார்கள். ஒலிகளை என் மாமாவின் ஃபைபர் படகில்தான் பதிவு செய்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பேசியைத் துண்டில் சுற்றி அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், உட்புறம் வைத்திருந்தேன். நீர் பலகையை மெல்ல அறையும் அந்த ஒலியில் எதையும் சேர்க்கவில்லை. வேகத்தை மட்டும் சற்றுக் குறைத்தேன்.

காட்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். இரவில் டார்ச் வெளிச்சம் எட்டும் தூரம் அதிலும் மிகக் குறைவு. ஆகவே வரைய வேண்டியது கொஞ்சம்தான். படகை அசைக்காமல் கடலையும் வானத்தையும் அசைத்தேன். நெடுநேரம் ஆடினாலும் தலைசுற்றல் வராத அளவுக்கு அசைவைக் குறைப்பதற்குப் பல நாட்கள் பிடித்தன.

தமிழில் விளையாட்டு செய்ய நினைப்பவர்களுக்காக ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கோடோவின் மூன்றாம் பதிப்பு வரிசையில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. 2023-இல் வெளியான 4.0 பதிப்பிலிருந்து இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வசனத்தை ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் காட்ட முயன்றபோது வேறொரு சிக்கல் எழுந்தது. 'கடல்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு நான்கு குறி, ஏனெனில் புள்ளி தனிக் குறி. எனவே திரையில் ஒரு கணம் 'கடல' என்று நின்று, பிறகுதான் புள்ளி விழுந்தது. ஒவ்வொரு மெய்யெழுத்திலும் இப்படி ஒரு துடிப்பு ஏற்பட்டதால் படிக்கும்போது கண் உறுத்தியது. முடிவில் எழுத்தெழுத்தாகக் காட்டுவதைக் கைவிட்டுச் சொல் சொல்லாகக் காட்டினேன். வசனங்களில் பெரும்பகுதி வாக்கி டாக்கியில் விட்டுவிட்டு வரும் குரல் என்பதால், காட்சிக்கும் அது நன்றாகப் பொருந்திவிட்டது.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் கைப்பேசியைக் கொடுத்து ஆடச் சொன்னேன். அவர் கயிற்றை இறக்கும்போது வாய்விட்டு எண்ணினார். ஒன்பதில் குரல் தாழ்ந்தது. பத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி எண்ணத் தொடங்கவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மார்கழின்னு போட்டிருக்க மாப்ள, வாடக்காத்து எங்க? இந்த மாசம் வடகடல் இப்படிக் குளம் மாதிரி கெடக்காது" என்றார்.

அவர் சொன்னது சரி. கடலின் அமைதியை நான் அச்சத்திற்காக வைத்திருந்தேன். காற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரண்டு வாரமாக வாடையைச் சேர்த்துவருகிறேன். படகின் பின்பகுதியான அமரத்தில் ஒரு சிறு கொடியைக் கட்டியிருக்கிறேன். அது வடக்கிலிருந்து அடிக்கும் காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் அலையும் அதற்கேற்ப எழுகிறது. கயிறு எட்டாம் பாகத்தைத் தாண்டிய பிறகு கொடி மட்டும் படபடக்கிறது, நீரில் ஒரு சுருக்கமும் இல்லை.