விலை ஏறியதா, ஏற்றினார்களா? ரைஸ், ரெய்ஸ்

"கத்தரிக்கா விலை ஏறிடுச்சு", "பஸ் டிக்கெட்ட ஏத்திட்டாங்க". வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இவற்றை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. தானாக நடந்தால் ஏறு, ஒருவர் செய்தால் ஏற்று. ஆங்கிலத்தில் ரைஸ் (rise), ரெய்ஸ் (raise) இரண்டுக்கும் இதே உறவுதான். பொருள் புரிந்தவர்களும் இறந்தகாலத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ரைஸ், ரோஸ், ரிஸன். ரெய்ஸ், ரெய்ஸ்டு, ரெய்ஸ்டு. 'ரைஸ்டு' என்று ஒன்று கிடையவே கிடையாது.

சந்தேகம் வந்தால் "எதை?" என்று கேளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை எழுதினால் 'தி வாட்டர் லெவல் ரோஸ்'. எதை என்றால் பதில் இல்லை. 'தே ரெய்ஸ்டு தி பண்ட்' என்றால் பதில் உண்டு, கரையை.

எதை என்பதற்குப் பதில் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வடிவமும் இல்லை. "கட்டணம் உயரப்பட்டது" என்று எழுதினால் நமக்கே உறுத்தும். 'தி ஃபேர் வாஸ் ரிஸன்' அதே தவறு. 'வாஸ் ரெய்ஸ்டு' அல்லது 'ஹேஸ் ரிஸன்' சரி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் உயர்த்திய கை ஒன்று இருப்பது தெரிகிறது, இரண்டாவதில் கட்டணம் தானே வளர்ந்தது போலிருக்கிறது. அறிவிப்பு எழுதுபவர்களுக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

அளவு சொல்லும்போது கவனம். வெயில் 38 டிகிரியிலிருந்து 42 ஆனால் 'ரோஸ் பை 4 டிகிரீஸ்', அல்லது 'ரோஸ் டு 42'. டு விட்டுப்போய் 'ரோஸ் 42 டிகிரீஸ்' ஆனால் வெயில் 80-க்குப் போய்விடும்!

ஏற்று கைகொடுக்காத இடங்கள் ரெய்ஸில் நிறைய: கேள்வி எழுப்ப, நிதி திரட்ட, பிள்ளை வளர்க்க, ஆடு வளர்க்க, எல்லாவற்றுக்கும் அதுவே. ரெய்ஸ் ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். அதற்கு இணையான பழைய ஆங்கிலச் சொல்தான் ரியர். ஆடு வளர்ப்புக்கு அதுவும் பொருந்தும். சந்தேகம் தானாக எழுந்தால் 'எ டவுட் அரோஸ்'. ஒருவர் கிளப்பினால் 'ஹி ரெய்ஸ்டு எ டவுட்'.

சம்பள உயர்வு அமெரிக்காவில் ரெய்ஸ், பிரிட்டனில் ரைஸ். நம் ஊரில் ஹைக்.

உச்சரிப்பில், ரைஸின் கடைசி ஒலி தேனீயின் ரீங்காரம் போல அதிரவேண்டும். அதிராவிட்டால் அது சோறு. ரெய்ஸுக்கும் அதே அதிர்வுதான், ஆனால் அங்கே வேறொரு வம்பு. கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்குவதைக் குறிக்கும் வினையும் அச்சாக அப்படியே ஒலிக்கும், எழுத்து மட்டும் வேறு (raze). காதால் கேட்கும்போது பின்னால் 'டு தி கிரவுண்ட்' வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இடித்துவிட்டார்கள்.