மும்பையில் இறங்க ஒரு காலை ஸ்லாட்

விமான நிறுவனம் ஒன்றின் கால அட்டவணைப் பிரிவில் வேலை செய்கிறேன். 2023 குளிர்காலப் பருவத்தில் சென்னையிலிருந்து கிளம்பும் எங்கள் விமானம் காலை எட்டு மணி வாக்கில் மும்பையில் இறங்குவதற்கான ஸ்லாட்டை, அதாவது அதற்கென ஒதுக்கப்படும் நேரத்தை, பெறும் பொறுப்பு எனக்கு வந்தது. மும்பையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அதை வைத்துக்கொண்டே அப்போது நெரிசல் நேரத்தில் மணிக்கு 46 விமானங்கள் வரை ஏற்றி இறக்கினார்கள். காலை நேரம் கேட்காத நிறுவனமே கிடையாது.

இதில் பணம் பேசுவதில்லை, பழைய உரிமைதான் பேசும். எங்கள் தண்டையார்பேட்டையில் தண்ணீர் லாரி வருமுன் குடத்தை வைத்து இடம்பிடிப்பது போலத்தான். பருவம் நெடுக ஒரே நேரத்துக்கு ஒதுக்கப்பட்ட ஸ்லாட்களின் தொடரில் 80 சதவீதமாவது பறந்து காட்டிய நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அதே நேரம் முதலில் போய்விடும். மிஞ்சுவதில் பாதி புதிதாக நுழைவோருக்கு. நாங்கள் புதியவர்களும் அல்லர், பழைய பெரிய கைகளும் அல்லர்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத சிக்கல் ஒன்று உண்டு: இறங்கும் நேரம் மட்டும் கிடைத்துப் பயனில்லை. அங்கிருந்து புறப்படும் நேரம், இடையில் நிறுத்துமிடம், சென்னையில் ஆறு மணியை ஒட்டிய புறப்பாடு ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்; ஒன்று நழுவினாலும் அந்த விமானத்தின் அன்றைய ஓட்டம் முழுவதும் கலைந்துவிடும். நாங்கள் கேட்டது உலக நேரப்படி 0230, அதாவது காலை 8 மணி. ஸ்லாட் ஒதுக்குபவர்களிடமிருந்து வந்த பதிலோ பிற்பகல் நேரம்.

இங்கேதான் ஓர் எழுத்தின் அருமை தெரியும். அதற்கு நாங்கள் அனுப்பும் பதில் செய்தியில் 'ஏ' (A) என்று போட்டால், கொடுத்ததை ஏற்றுக்கொண்டோம், வேறெதுவும் வேண்டாம் என்று பொருள். 'பி' (P) என்று போட்டால், ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் முதலில் கேட்டது நிலுவையில் இருக்கட்டும் என்று பொருள். அவசரத்தில் 'ஏ' போட்டுவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடுபவர்களும் உண்டு. நான் 'பி' போட்டேன்.

ஆகஸ்ட் 31-இல் இருக்கும் தொடரை வைத்துத்தான் 80 சதவீதக் கணக்கு போடப்படும் என்பதால், பறக்க இயலாததை நிறுவனங்கள் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடும். அப்படி வந்ததில் எங்களுக்கு 0250, அதாவது காலை 8.20, கிடைத்தது. சென்னைப் புறப்பாட்டை அதற்கேற்ப நகர்த்தக் கேட்டு மீண்டும் எழுத வேண்டியிருந்தது; அது எளிதில் முடிந்தது.

அக்டோபர் 29-இல் பருவம் தொடங்கியது. டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. தண்டையார்பேட்டைத் தெருக்களிலும் வெள்ளம். விமான நிலையம் மூடப்பட்டதால் பறக்காத நாள் கணக்கில் குறையாகாது என்பது விதி. ஆனாலும் மூடல் அறிவிப்பின் நகலோடு ரத்தான பயணங்களின் பட்டியலை உடனே அனுப்பிவைத்தேன். 2024 குளிர்காலத்துக்கும் அந்த 0250 எங்களிடமே இருந்தது.