குன்னூர் ஸ்டேஷன் கடையில என் இங்கிலீஷ் - அஞ்சு மாசக் கணக்கு

காதல் காமெடி சீரியல் பாத்து இங்கிலீஷ் பேசக் கத்துக்க ஆரம்பிச்சு அஞ்சு மாசம் ஆச்சு, மறக்கறதுக்குள்ள எழுதி வெக்கிறேன். எங்க சித்தப்பாவுக்கு குன்னூர் ஸ்டேஷன் பக்கத்துல டீத்தூள், வர்க்கி, யூகலிப்டஸ் தைலம் விக்கிற கடை, பகல்ல கவுண்டர்ல நான்தான் நிப்பேன். மேட்டுப்பாளையத்துல இருந்து நீராவி இஞ்சின் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டு வர்ற ரயில் இங்க நின்னதும் அதைக் கழட்டிட்டு ஊட்டிக்குப் போக டீசல் இஞ்சின் மாட்டுவாங்க, அந்த கேப்புல எறங்கி வர்றவங்கதான் எங்க யாவாரமே. நெறைய பேர்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும்.

பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவதான், கிராமர் எழுதச் சொன்னா எழுதிடுவேன், பேச்சுதான் பிடிபடல. ஒருத்தர்கிட்ட சாம்பிள் டீ குடிச்சுப் பாருங்க சார்னு நீட்டுனேன், அவர் சிரிச்சுக்கிட்டே 'ஐம் குட்'னார், நான் சரின்னு சொல்றார்னு நெனச்சு கப்புல ஊத்திக் கையில குடுத்துட்டேன், அவரும் வாங்கி ஒரு வாய் குடிச்சுட்டு அப்படியே வெச்சுட்டுப் போயிட்டார். அந்த எடத்துல அதுக்கு 'வேணாங்க, போதும்'னு அர்த்தம்ங்கிறது ஒரு மாசம் கழிச்சு ஒரு காமெடி சீன் பாக்கும்போதுதான் புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி பூரா அவர் மொகம்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

நான் எடுத்துக்கிட்டது ஃப்ரெண்ட்ஸ். 1994-ல இருந்து 2004 வரைக்கும் ஓடுன சீரியல், 236 எபிசோட், ஒண்ணொண்ணும் இருபது இருபத்திரண்டு நிமிஷம். மொத ரெண்டு வாரம் சப்டைட்டில் போட்டே பாத்தேன், கண்ணு பாட்டுக்குப் படிச்சுக்கிட்டே போகுது, காது தூங்கிடுது. அப்புறம் மாத்திக்கிட்டேன், மொத தடவை சப்டைட்டில் இல்லாம, ரெண்டாவது தடவை போட்டு, மூணாவது தடவை அவங்க சொன்னதை அதே ராகத்துல சத்தமா திருப்பிச் சொல்றது. இது ஆடியன்ஸை உக்கார வெச்சு எடுத்த சீரியல், அதனால ஒவ்வொரு பேச்சுக்கும் அப்புறம் ஜனங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நடிக்கிறவங்க கொஞ்சம் நிறுத்துவாங்க பாருங்க, அந்த சிரிப்புச் சத்தத்துக்குள்ளதான் நான் திருப்பிச் சொல்லிக்குவேன், பாஸ் பட்டனையே தொட வேண்டியதில்ல. மழை வந்தா இங்க சிக்னல் போயிடும், அதனால முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டு ஒரு எபிசோடுக்கு மூணு நாள்.

ஏன் காதல் காமெடின்னு கேட்டாங்க வீட்டுல. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுப்போய் பேசிக்கிற எடத்துலதான் கேக்குறது, தயங்குறது, மனசு நோகாம மறுக்குறது, மன்னிப்பு கேக்குறது எல்லாமே வருது. 'ஐட் லவ் டு, பட்'னு ஆரம்பிச்சாலே அந்தப் 'பட்'லயே வேணாம்னு தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் சொல்றது காரணம்தான். ஸ்கூல்ல எனக்கு யாரும் இப்படி மறுக்கச் சொல்லித் தரல.

சித்தப்பா பொண்ணும் ராத்திரி கம்பளிக்குள்ள பூந்துக்கிட்டு கூட உக்காந்துக்குவா. ஒரு நாள், "அக்கா, ஐம் சீயிங் சம்ஒன்னு சொல்றாளே, யாரைப் பாத்துக்கிட்டிருக்கா, அங்க யாருமே இல்லியே"ன்னா. எனக்கும் தெரியல, தேடிப் பாத்தா ஒருத்தரோட பழகிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். நம்ம ஊர்லயும் பொண்ணு பாக்குறோம், மாப்பிள்ளை பாக்குறோம்னுதானே சொல்றோம், இங்க குடும்பமே சேந்து பாக்குது, அங்க அவளே பாத்துக்குறா. அப்படி நெனச்சதுக்கப்புறம் அந்த வார்த்தை ரெண்டு பேருக்கும் மறக்கவே இல்ல.

நாலாவது மாசம் தி குட் பிளேஸுக்கு மாறுனேன், 2016-ல ஆரம்பிச்சது. செத்துப்போன ஒரு பொண்ணுகிட்ட இவர்தான் உன் சோல்மேட்னு ஒரு ப்ரொஃபசரைக் காட்டுவாங்க, கதை அங்க இருந்து கெளம்பும். இதுல சிரிப்புச் சத்தம் கெடையாது, மூச்சு விட எடமில்லாம பேசுறாங்க, ஸ்பீடை 0.75 வெச்சும் மூணு வாரம் திண்டாடிட்டேன். "சோல்மேட்னா பத்துப் பொருத்தமும் அமையுறதாக்கா?"ன்னு சித்தப்பா பொண்ணு கேட்டா. தேடுனப்ப பிளாட்டோ கதை ஒண்ணு கெடச்சுது, கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்னாடி எழுதுனது, மனுஷங்க ஆதியில ரெட்டை ஒடம்பா இருந்தாங்களாம், சாமி ரெண்டாப் பொளந்துட்டாராம், அதுலருந்து பாதி பாதியைத் தேடிக்கிட்டே இருக்காம். பிளாட்டோ அந்தக் கதையை யார் வாயில வெச்சார்னா அரிஸ்டோஃபனீஸ், கிரேக்க நாட்டுல காமெடி நாடகம் எழுதுனவர்! சோல்மேட் பேச்சு அப்பவே காமெடிக்காரர்கிட்டதான் இருந்திருக்குன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

போன வாரம் ரயில்ல இருந்து ஒரு வயசான தம்பதி வந்தாங்க, கடை பெஞ்சைக் காட்டி 'டூ யூ மைண்ட் இஃப் வி சிட் ஹியர்?'னு அந்தம்மா கேட்டாங்க. முன்னாடின்னா 'எஸ் எஸ்'னு சொல்லியிருப்பேன், ஆனா இந்தக் கேள்விக்கு எஸ்னா எனக்கு ஆட்சேபணை இருக்குன்னு ஆயிடும். 'நோ, நாட் அட் ஆல்'னேன், உக்காந்தாங்க. டீயை ஆத்திக் குடுத்துட்டு, சீரியல்ல எத்தனையோ தடவை கேட்டதை நானே கேட்டேன், 'ஹவ் டிட் யூ டூ மீட்?'

அவ்ளோதான், ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மழையில பஸ்ஸை விட்டுட்டு நின்ன பொண்ணுக்கு இவர் கொடையக் குடுத்தாராம், அந்தம்மா குறுக்க, கொடையே அவங்களோடதுதான், இவர் ஆறு மாசம் திருப்பியே குடுக்கலேன்னு சொல்றாங்க, அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுக்குறார். ரெண்டே ரெண்டு வார்த்தைதான் எனக்குப் பிடிபடல. மாமியாரைப் பத்தி அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது விசில் அடிச்சுட்டாங்க, கப்பை வெச்சுட்டு ஓடுனாங்க, அந்தம்மா மட்டும் படியில நின்னு கை காட்டுனாங்க. கொடை யாருதுன்னு இன்னும் தெரியல. பிடிபடாத ரெண்டு வார்த்தையையும் காதுல விழுந்த மாதிரியே பில் புக் பின்னாடி எழுதி வெச்சிருக்கேன்.