தோபாவில் விளையும் முத்து

தூத்துக்குடிக்காரி என்பதால் முத்து என்றாலே எனக்குச் சலாபம் என்னும் முத்தெடுப்புப் பருவமும் முத்துக்குளிப்பும்தான் நினைவுக்கு வரும். எங்கள் கடலில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. நான் அறிந்ததெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவைதாம். அந்தக் கதைகளுடனேயே, “வளர்ப்பு முத்து என்றால் போலி முத்து” என்ற எண்ணமும் வீட்டில் ஊறிப்போயிருந்தது. சென்ற ஆண்டு ஜப்பானின் மியே மாவட்டத்தில் உள்ள தோபாவுக்குப் போய், முத்து நகை நிறுவனமான மிகிமோட்டோவின் முத்துத் தீவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, அந்த எண்ணம் எவ்வளவு பெரிய தவறு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிறுவனத்தைத் தொடங்கிய கோகிச்சி மிகிமோட்டோ, 1858-இல் தோபாவில் உடோன் நூடுல்ஸ் விற்ற குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தவர். அளவின்றிப் பிடித்ததால் அகோயா என்ற முத்துச்சிப்பிகள் அருகிவருவதைக் கண்டு, முதலில் சிப்பியையும் பிறகு அதற்குள் முத்தையும் வளர்க்க முனைந்தார். நுண்பாசி பெருகிக் கடல்நீர் சிவக்கும் செந்நீர்ப் பெருக்கில் சிப்பிகள் கூட்டமாகச் செத்தன, கடன் ஏறியது. 1893 ஜூலை 11 அன்று, தோபாவின் சிறு தீவில் எஞ்சியிருந்த சிப்பிகளை அவரும் மனைவி உமேயும் திறந்து பார்த்தபோது, ஓட்டோடு ஒட்டிய அரைக்கோள முத்துகள் கிடைத்தன. முழு உருண்டை முத்துக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று பரவலாகக் கையாளப்படும் முறையில் தாட்சுஹெய் மிசேக்கும், மிகிமோட்டோவின் மருமகன் தோகிச்சி நிஷிகாவாவுக்கும் பெரும் பங்கு உண்டு. புகழ் முழுவதையும் ஒருவருக்கே கொடுப்பது நியாயமாகாது.

அந்த முறையைத் தீவில் ஓர் அம்மையார் செய்துகாட்டினார். ஓடுகள் மூடிக்கொள்ளாதபடி சிறு ஆப்பு வைத்து, சிப்பியின் சதையில் நுண்ணிய கீறல் போட்டு, நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த வெண்ணிற மணியை உள்ளே செலுத்தினார். அதனுடன், வேறொரு சிப்பியின் மேலுறையிலிருந்து (ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய மெல்லிய தசை) வெட்டிய, எள்ளைவிடச் சற்றே பெரிய தசைத்துண்டு ஒன்றையும் மணியை ஒட்டி வைத்தார். அந்தத் துண்டுதான் மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, முத்தொளிப் படலத்தை அடுக்கடுக்காகச் சுரக்கிறது. மனிதர் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிகிறது. பளபளப்பைத் தருவது சிப்பியே. பிறகு மிதவைகளிலிருந்து தொங்கும் வலைகளில் சிப்பிகளை விட்டு, மேலே படியும் கொட்டலசு போன்ற சிறு ஓட்டுயிர்களையும் பாசியையும் அவ்வப்போது சுரண்டி, ஓராண்டோ அதற்கு மேலோ காக்கிறார்கள். நீர் குளிரக் குளிரப் படலம் மெல்லியதாகப் படிந்து ஒளி கூடும் என்பதால், அறுவடை குளிர்காலத்தில்.

லண்டன் சந்தைக்கு வந்த இந்த முத்துகள் போலி என்று 1921-இல் அங்கே வணிகர்கள் கூச்சலிட்டார்கள். சண்டை பாரிசுக்கும் பரவியது. ஆராய்ந்த அறிவியலர்கள் இயற்கை முத்து, வளர்ப்பு முத்து இரண்டிலும் படலம் ஒன்றே என்று கண்டார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஓயாத வழக்கு, நூறாண்டுக்கு முன்பே அங்கே நடந்து முடிந்திருக்கிறது! 1932-இல் கோபே வணிகக் கழகத்தின் முன் தரம் குறைந்த முத்துகளை மண்வாரியால் அள்ளி நெருப்பில் போட்டார் மிகிமோட்டோ. வளர்த்தவரே எரிக்கத் துணிந்ததைத்தான் நான் அந்த நிறுவனத்தின் உண்மையான முத்திரையாகக் கருதுகிறேன்.

நகைவேலையிலும் அதே பிடிவாதம். 1899-இல் டோக்கியோவின் கின்சாவில் கடை திறந்தவர், சில ஆண்டுகளில் தமக்கென்றே பொற்பட்டறையும் அமைத்தார். 1937 பாரிஸ் கண்காட்சிக்காக அங்கே உருவான ‘யாகுருமா’ என்ற, கிமோனோவின் இடைப்பட்டியில் பூட்டும் அணியைப் பிரித்து மாற்றிப் பூட்டினால், பன்னிரண்டு விதமாக அணியலாம். ஆனாலும் என்னை நெடுநேரம் நிறுத்தியது ஒற்றைச் சர மாலைதான். அளவு, நிறம், ஒளி மூன்றும் ஒத்துவரும் முத்துகளைப் பொறுக்கிச் சேர்ப்பதற்குள் கண் சலித்துப்போகும். பட்டு நூலில் கோத்து, இரண்டு முத்துக்கு நடுவே ஒரு முடிச்சு இடுகிறார்கள். நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது, ஒன்றோடொன்று உரசித் தேயவும் செய்யாது.

அகோயாவும் மன்னார் வளைகுடாச் சிப்பியும் ஒரே இனம். 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியிலேயே உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது எங்கள் கரையில் ஒரு பெருந்தொழிலாக வேரூன்றவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அம்மாவுக்காக அங்கிருந்து ஒற்றை முத்துப் பதக்கம் ஒன்று வாங்கிவந்தேன். வாங்கிய கையோடு அதை முன்பல்லில் மெல்ல உரசிப் பார்த்தார். மணல்போல் நறநறத்தது. “நம்ம கடல் முத்து மாதிரியே இருக்குதே” என்றவர், தாலிச் சங்கிலிக்குப் பக்கத்தில் அணிந்துகொண்டார்.