ஒரே சம்பவம், வேறு வேறு சொல்: ஏ.எல். கிறிஸ்தவம் படிக்கிறவர்களுக்கு

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கலைப்பிரிவில் கிறிஸ்தவம் எடுத்த பிள்ளைகள் சிலரின் பயிற்சி விடைகளை வாரக்கடைசியில் திருத்திக் கொடுக்கிறேன். நானும் மட்டக்களப்பில் இருந்து அதே பாடத்தை எழுதி வந்தவள்தான். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மத்தேயு, லூக்கா நற்செய்திகளை ஒப்பிடச் சொல்லிக் கேட்டால் போதும், முக்கால்வாசிப் பேர் இரண்டு கதையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புவித்துவிட்டு, 'இவ்வாறு இருவரும் ஒரே செய்தியையே கூறுகின்றனர்' என்று முடித்துவிடுகிறார்கள். ஒரே செய்தி என்றால் ஒப்பிடச் சொல்லி ஏன் கேட்கப்போகிறார்கள்? சொல் எங்கே மாறுகிறது, அந்த மாற்றம் அந்த எழுத்தாளருக்கு எதற்குத் தேவைப்பட்டது, இதை எழுதினால்தான் விடை.

அதற்கு முதல் வேலை, ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வது. எங்கள் ஊரில் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி வந்து மெதடிஸ்த (புரட்டஸ்தாந்து) ஊழியத்தைத் தொடங்கிய ஊர் இது. கத்தோலிக்கம் அதற்கும் வெகு முந்தியது. கலப்புத் திருமணம் நடந்த வீடுகளில் பழைய பரிசுத்த வேதாகமம், 1995இல் வந்த திருவிவிலியம் என்ற இரண்டு தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புகளும் ஒரே அலுமாரியில் கிடக்கும். மத்தேயுவை ஒன்றிலும் லூக்காவை மற்றதிலும் வாசித்தால், ஒருவர் 'பாக்கியவான்கள்' என்கிறார், மற்றவர் 'பேறுபெற்றோர்' என்கிறார் என்று அரைப்பக்கம் எழுதிவைப்பீர்கள். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். எந்த மொழிபெயர்ப்பும் சரி, ஆனால் ஒன்று.

பிறகு ஒரு சீஆர் கொப்பியை விரித்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றது என்று வசனங்களைக் கையால் எழுதுங்கள். போனில் மாறி மாறிப் பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத சொல்லுக்குப் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். ஐந்து நிற ஹைலைட்டர் வாங்கி அலங்கரிக்கிறவர்கள் அலங்கரிப்பதிலேயே களைத்துவிடுகிறார்கள்.

திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கியவனை, இயேசுவிடம் கூரை வழியாக இறக்கிய கதையை எடுத்துப் பாருங்கள். மாற்கு 2இல் கூரையைப் பிரித்துத் திறப்பாக்குகிறார்கள். லூக்கா 5இல் தட்டோடுகள் வழியாக இறக்குகிறார்கள். ஓட்டு வீட்டில் வளர்ந்த எங்களுக்கு லூக்கா சொல்வது உடனே விளங்கும்: ஏறி நாலு ஓட்டைக் கழற்றினால் வழி வந்துவிடும். ஆனால் அன்றைய பலஸ்தீனக் கிராம வீட்டின் கூரை தட்டையானது. மரச்சட்டங்களின் மேல் கிளை பரப்பி, களிமண் பூசி இறுக்கியது. மாற்கின் கிரேக்கச் சொல்லுக்குத் தோண்டுதல் என்றே பொருள். மண்கூரைக்கு அது பொருந்துகிறது. லூக்காவோ தன் நூலைத் தெயோப்பிலு என்ற ஒருவருக்கு எழுதுகிறார். ஓட்டுக்கூரை பழகிய கிரேக்க நகரத்து வாசகர்களை மனதில் வைத்துச் சொன்னார் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். இத்தோடு நிறுத்தினால் பாதி விடை. ஒரே கதையைப் பெரும்பாலும் ஒரே போக்கில் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா என்ற மூன்று ஒத்தமை நற்செய்திகளில் மாற்கே முந்தியது, மற்ற இருவரும் அதைப் பயன்படுத்தினார்கள் என்ற பெரும்பாலான அறிஞர்களின் கருத்தையும் இங்கேயே ஒரு வரியில் கொண்டுவந்தால் விடைக்கு முதுகெலும்பு வரும்.

மத்தேயுவின் மலைப்பிரசங்கத்தையும், லூக்காவில் சமவெளியில் நடக்கும் அதே போன்ற பிரசங்கத்தையும் வைத்து இன்னும் ஆழமாகப் போகலாம். மத்தேயு 5:3 'ஆவியில் எளிமையுள்ளவர்கள்' என்கிறது. லூக்கா 6:20 நேரே முகத்தைப் பார்த்து 'தரித்திரராகிய நீங்கள்' என்கிறது. பசி பற்றிய வரியும் அப்படியே: மத்தேயுவில் நீதியின்மேல் பசிதாகம், லூக்காவில் வெறும் வயிற்றுப் பசி. 'லூக்கா ஏழைகளின் நற்செய்தி' என்று எல்லாருமே எழுதுவார்கள். அதை அந்த நூலை வைத்தே நிறுவ வேண்டும். மரியாளின் பாட்டில் பசித்தவர்கள் நிரப்பப்படுகிறார்கள், ஐசுவரியவான்கள் வெறுமையாய் அனுப்பப்படுகிறார்கள் (1:53). லூக்காவின் அந்தப் பிரசங்கத்திலேயே ஐசுவரியவான்களுக்கு 'ஐயோ' வருகிறது (6:24). மத்தேயுவின் மலைப்பிரசங்கத்தில் அது இல்லை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த மதிகெட்டவன், ஐசுவரியவானும் லாசருவும், இரண்டும் லூக்காவில் மட்டுமே உண்டு. மூன்று சான்று கிடைத்தால் உங்கள் விளக்கம் நிற்கும். ஒரு வசனத்தை மட்டும் நம்பி எழுத்தாளரின் இறையியலையே சொல்லிவிடாதீர்கள்.

அப்படிச் சொல்லிப் பழகிய ஒன்று பெரும்பாடுள்ள (நீங்காத இரத்தப்போக்குள்ள) பெண்ணின் கதை. அவள் அநேக வைத்தியர்களிடம் வருத்தப்பட்டு, சற்றும் குணமடையாமல் இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்கா, ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு விட்டுவிடுகிறார். கொலோசெயர் 4:14இல் லூக்கா வைத்தியர் என்று வருவதால், தன் தொழில்காரரை விட்டுக்கொடுக்கவில்லை என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், சபையும் சிரிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் மாற்கின் நீளமான வருணனைகளை லூக்கா வேறு இடங்களிலும் சுருக்குகிறாரே. பரீட்சையில் 'ஒரு சாத்தியம்' என்று எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எல்லா வித்தியாசத்துக்கும் தீர்வு கண்டுபிடிக்க மல்லுக்கட்டவும் வேண்டாம். இயேசு சீடரை ஊழியத்துக்கு அனுப்பும்போது மாற்கு தடி மட்டும் எடுக்கலாம் என்கிறது, மத்தேயுவும் லூக்காவும் அதுவும் கூடாது என்கின்றன. மாற்கின் தடியும் பாதரட்சையும் எகிப்திலிருந்து புறப்பட்ட இரவை (யாத்திராகமம் 12:11) நினைவூட்டுகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. அழகானதுதான், முடிந்த முடிவு அல்ல. எரிகோவில் இயேசு பார்வை கொடுத்தது ஒரு குருடனுக்கா இருவருக்கா என்பதும் அப்படித்தான்.

பழைய ஏற்பாட்டில் ஒன்றாவது பார்த்து வையுங்கள். ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் 20 சொல்லும் காரணம் ஆறு நாள் படைப்பு. உபாகமம் 5 சொல்லும் காரணம் எகிப்தில் அடிமையாயிருந்தது. ஆகவே, 'உன்னைப்போல' வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று அங்கே சேர்ந்து வருகிறது. கட்டளை ஒன்று, காரணம் இரண்டு. சமூகநீதி பற்றிய வினாவுக்கும் இது உதவும்.

இப்படிக் கோடு போட்டுப் படிக்கும்போது வீட்டில் அம்மம்மா யாராவது, "என்ன புள்ள, வேதத்தில பிழை பிடிக்கிறியா?" என்று கேட்பார். அவருக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் ஒட்டி ஒரே கதையாக்கினார். தியாத்தெசரோன் என்ற அந்த நூலைச் சிரியத் திருச்சபை நீண்டகாலம் வழிபாட்டிலேயே வாசித்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற ஆயர் 200க்கு மேற்பட்ட பிரதிகளைத் தேடி எடுத்து, அவற்றின் இடத்தில் நான்கு தனித்தனி நற்செய்திகளை வைத்தார். வித்தியாசம் இல்லாத ஒரு பிரதி கையில் இருந்தும் சபை நான்கையும்தான் வைத்துக்கொண்டது. இதையும் முன்னுரையில் இரண்டு வரியாக எழுதலாம்.

எழுதும்போது முதல் பந்தியிலேயே வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. வசன எண் சரியாக நினைவில்லை என்றால் அதிகாரத்தை மட்டும் போடுங்கள். அதிகாரமும் சந்தேகமென்றால் 'லூக்கா நற்செய்தியில்' என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.